மாமன்மார் ஒப்பந்தம்

கோத்தகிரி, நீலகிரி
9 மார்ச் 2025

மதிப்பிற்குரிய ஷுக்ரி முதலாளி அவர்களுக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் உங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லாம் போட்டோவில். என் பெயர் கந்தப்பன். ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் வேலாயியின் கூடப்பிறந்த அண்ணன். ஒரே அண்ணன்.

வேலாயி மகள் சுபாஜினிக்கு ஆவணியில் கல்யாணம் என்று நேற்று என் மகளுடைய போனுக்கு அழைப்பிதழின் மாதிரி வந்தது. இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம், பிழை இருந்தால் சொல்லச் சொன்னார்கள். பிழை இருக்கிறது. 'தாய்மாமன்' என்று போட்டு அதற்கு நேரே உங்கள் பெயர், கடைப் பெயர், பதுளை பஸார் வீதி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. என் பெயர் கடைசியில் 'நல்வரவை விரும்பும்' கும்பலில், மாப்பிள்ளை வீட்டு ஒன்றுவிட்ட சித்தப்பாக்களுக்கும் கீழே கிடக்கிறது. அந்த விலாசத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேலாயியையே கேட்கலாம். போன முறை உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதற்கு, "எங்க நானாவப் பத்தி நீ பேசாத" என்று போனை வைத்துவிட்டாள். நானா என்றால் உங்கள் வீடுகளில் அண்ணன் என்று எனக்கும் தெரியும். நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தான்.

நேராகவே கேட்கிறேன் முதலாளி. வேலைக்கு ஆள் குறைந்தால் பதிலாள் போடுவது மாதிரியா தாய்மாமன்? காது குத்த மடி கொடுப்பவன் அவன். பெண் பெரியவளானால் ஓலை கட்டுபவன். கல்யாணத்தன்று சேலை கொண்டுவந்து, நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போகிறவன். அந்தக் கை என்னுடைய கை. நான் செத்துப் போய்விடவில்லை, கப்பல் ஏறினேன், அவ்வளவுதான்.

அதிலும் நானாக ஏறவில்லை. இலங்கை சுதந்திரம் வாங்கிய கையோடு எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பிடுங்கினார்கள். பிறகு அறுபத்து நாலில் இந்தப் பக்கத்துப் பிரதமரும் அந்தப் பக்கத்துப் பிரதமரும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று எங்களைப் பங்கு போட்டார்கள். எங்கள் அப்பா இந்தியாப் பங்கில் விழுந்தார். வேலாயியை இலங்கைப் பங்கில் இருந்த ஒருவனுக்கு அவசரமாகக் கட்டிக் கொடுத்தோம். எண்பத்து நாலில் பதுளை ரயில் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறினோம்.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிய கதையாக இருக்கக் கூடாது. அந்த வரியில் என் பெயரைப் போடும்படி நீங்களே வேலாயியிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் மரியாதை உங்களிடம் இருக்கும்.

இப்படிக்கு,
சுபாஜினியின் தாய்மாமன்
கந்தப்பன்


பதுளை
2 ஏப்ரல் 2025

மரியாதைக்குரிய கந்தப்பன் அவர்களுக்கு,

மேலே 786 போட்டுத்தான் எழுதிப் பழக்கம், கோபிக்க வேண்டாம். பெருநாள் யாவாரத்தில் கடையில் நிற்கவும் இடமில்லாமல் இருந்தது, அதனால் பதில் சுணங்கிவிட்டது. போனில் கூப்பிடலாம் என்று மகன் றிஸாத் சொன்னான். கடிதத்துக்குக் கடிதம்தான் மரியாதை. அதோடு, போனில் நீங்கள் சத்தம் போடுவீர்கள் என்று தங்கச்சி சொல்லியிருக்கிறாள்.

நான் எப்படி மாமன் ஆனேன் என்று உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். கடை வைப்பதற்கு முன் சம்பள நாட்களில் துணி மூட்டையோடு தோட்டங்களுக்குப் போவேன். ஒருநாள் போனால், மாரியம்மன் கோயில் வாசலில் காதுகுத்து. பிள்ளை வீரிட்டு அழுகிறது, ஆசாரி ஊசியோடு நிற்கிறார், மடி கொடுக்க ஆள் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் ஆம்பிளைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிற்கிறவர்கள் எல்லாரும் வேலாயி புருஷனுக்குப் பங்காளிகள். பங்காளி மடியில் வைத்துக் காது குத்த மாட்டார்களாம், மாமன் மச்சான் முறையில்தான் ஒருவர் வேண்டுமாம். உங்கள் மாமன் மச்சான் வகையறா மொத்தமும் கப்பலேறிவிட்டது. வேலாயி என்னைப் பார்த்தாள்.

"நானா, ஒங்களுக்கு இங்க யாரும் பங்காளி இல்லதானே? சித்த உக்காருங்க" என்றாள்.

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவன் இன்னும் எழும்பவில்லை. பிள்ளை பெரியவளானபோது பச்சை ஓலை வெட்டிக் கொடுத்தது நான். அவளுடைய வாப்பா, மன்னிக்கவும், அப்பா காலமானபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தது நான். இன்றைக்கு அவள் பண்டாரவளையில் டீச்சர். முதல் நாள் வேலைக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியிருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. இங்கே உள்நாட்டுச் சண்டை முடிந்து எவ்வளவு காலம் ஆகிறது? திருச்சிக்கும் கொழும்புக்கும் விமானம் காக்காய் மாதிரிப் பறக்கிறது. சதை ஆடியது சரி, ஆளைக் காணோமே.

கோச்சி ஏறியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை வேலாயி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிப் பொருமுவாள். "கோச்சி கூடவே நான் ஓடுனேன் நானா. எங்கண்ணே ஜன்னல் பக்கந்தான் உக்காந்திருந்துச்சு. திரும்பிக்கூடப் பாக்கல." இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு உங்கள் மேல் ஒரு கோபம் வளர்ந்துவிட்டது. முகம் பார்க்காமலே வளர்ந்த கோபம்.

அந்த வரியை நான் கேட்டு வாங்கவில்லை. அதனால் மாற்றச் சொல்லவும் எனக்கு வாய் வராது.

ஷுக்ரி


கோத்தகிரி
24 ஏப்ரல் 2025

ஷுக்ரி முதலாளிக்கு,

பொறாமையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தச் சிரிப்பு தெரிகிறது. ஆமாம், பொறாமைதான். ஒளிக்க என்ன இருக்கிறது?

காதுகுத்துப் போட்டோ தபாலில் வந்தபோது என் சம்சாரம் பிள்ளையைப் பார்த்து, "அப்படியே உங்க தங்கச்சி மூக்கு" என்றாள். நான் மூக்கைப் பார்க்கவில்லை. பிள்ளை உட்கார்ந்திருந்த மடியைப் பார்த்தேன். தொப்பி போட்ட தாய்மாமன்! அதற்குப் பிறகு எந்தப் போட்டோ வந்தாலும் முதலில் உங்களைத்தான் தேடுவேன். ஒன்றிலாவது இல்லாமல் இருக்க மாட்டீர்களா என்று பார்ப்பேன். ஓரத்தில் ஒரு கையாவது தெரியும்.

ஆளைக் காணோம் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். இங்கே இறங்கிய நாளிலிருந்து எனக்குப் பெயர் சிலோன்காரன். அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றாயிற்று, இன்னும் பால்காரன் "சிலோன்காரர் வீடு" என்றுதான் வழி சொல்கிறான். அங்கே வேலாயி பிறப்புப் பத்திரத்தில் இந்தியத் தமிழர் என்று இருக்கிறதாம். இந்தியாவில் இருக்கிற நான் சிலோன்காரன், சிலோனில் இருக்கிற அவள் இந்தியத் தமிழச்சி. இதைவிடப் பெரிய கூத்து கேளுங்கள். நாங்கள் வந்த கொஞ்ச நாளில் சண்டையால் கப்பல் நின்றுவிட்டது. எங்களைப் போலவே இந்தியாப் பங்கில் விழுந்து, கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். பிற்பாடு சட்டம் போட்டு அவர்களுக்கெல்லாம் அங்கேயே பிரஜாவுரிமை கொடுத்தார்கள். அப்பா அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. அதன் பிறகு எந்த முகத்தோடு வந்து நிற்பேன்? போனவன் முட்டாள், இருந்தவன் கெட்டிக்காரன் என்று தெரிந்த பிறகு?

இருக்கட்டும். இப்போது வருகிறேன். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டேன். காஞ்சிபுரத்துக்குப் போய் மாமன் சேலையும் எடுத்து வைத்துவிட்டேன், அரக்குக் கரை போட்ட மயில் கழுத்து நிறம். வேலாயிக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவள் போனை வைக்கவில்லை.

கோச்சியில் திரும்பிப் பார்த்தேனா இல்லையா என்பதற்கு உங்களிடம் பதில் சொல்ல எனக்கு அவசியமில்லை.

கந்தப்பன்


பதுளை
17 மே 2025

கந்தப்பன் அவர்களுக்கு,

நீங்கள் வருகிற செய்தி உங்கள் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது. போன ஞாயிறு சுபாஜினி கடைக்கு வந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு கதிரை இருக்கிறது, சின்ன வயதில் இருந்து. அதில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். "மாமா, எங்க இந்தியா மாமா வாறாங்க! பட்டுச் சேலையெல்லாம் எடுத்துட்டாங்களாம்." பண்டாரவளையில் அவள் பள்ளிக்கூடம் முழுக்க இதே பேச்சாம். வெலிமடையில் மாப்பிள்ளை கிருஷ்ணராஜ் வீட்டிலும் சொல்லியாகிவிட்டது.

இத்தனை வருஷத்தில் யாரிடமாவது "எங்க பதுளை மாமா" என்று அவள் என்னைப் பற்றிச் சொன்னதுண்டா? முற்றத்துத் தண்ணீர்ப் பைப்பை யார் சொல்லிக் காட்டுவார்கள்? தண்ணீர் நின்றால்தான் அது இருந்ததே தெரியும். அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உம்மு குல்தூம், அவள் என் மனைவி, "என்ன, மாமன் வேலை போகப் போகுதா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதிலும் அந்தச் சேலை. துணிக்கடைக்காரன் வளர்த்த பிள்ளைக்கு வெளியிலிருந்து சேலையா? பதுளை பஸாரில் என் முகம் என்ன ஆவது? என் கடையில் இருக்கிற பட்டும் உங்கள் ஊர்ச் சரக்குதான், அது வேறு விஷயம். அவளுக்கென்று நான் போன வருஷமே ஒன்றை எடுத்து, பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

சண்டை பிடித்துக்கொண்டே போனால் கல்யாணத்தன்று ஊர் சிரிக்கும். எனக்கும் இந்தப் பக்கம் இடி இருக்கிறது. பள்ளிவாசலில் ஜௌபர் ஹாஜியார், "என்ன ஷுக்ரி, மணவறையில ஏறப் போறீங்களாமே" என்று கேட்டுவிட்டார். பட்டம் கட்டுவது என் மார்க்கத்துக்குச் சரிவராது, மணவறையில் ஏறவும் மாட்டேன் என்று நான் ஆரம்பத்திலேயே வேலாயியிடம் சொல்லியிருந்தேன். சேலை கொடுப்பேன், கையைப் பிடித்து மணவறைக்குக் கீழே வரை கூட்டிப் போவேன், அவ்வளவுதான்.

அதனால் நாமும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்வோமா? பட்டமும் மாலையும் உங்களுக்கு. சேலை எனக்கு. கையைப் பிடித்துக் கூட்டிப் போவதில் பாதி வழி நான், பாதி வழி நீங்கள். மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

ஷுக்ரி


கோத்தகிரி
8 ஜூன் 2025

ஷுக்ரி பாய் அவர்களுக்கு,

இங்கே உங்கள் ஆட்களைப் பாய் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். உங்கள் ஊரில் வழக்கமில்லை என்றால் சொல்லுங்கள், முதலாளிக்கே திரும்பிவிடுகிறேன்.

ஒப்பந்தத்துக்குச் சம்மதம். சில திருத்தம் இருக்கிறது.

சேலையை மொத்தமாக உங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. மண்டபத்துக்குள் வரும்போது கட்டுவது என்னுடையதாக இருக்கட்டும். மாலையில் வரவேற்புக்கு உங்களுடையது. அதில்தான் வெளிச்சமும் ஆளும் அதிகம், நீங்கள் நஷ்டப்பட மாட்டீர்கள்.

பாதி வழி என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். எது பாதி? ஹாலிஎல மண்டபத்தின் போட்டோவை என் மகள் போனில் எடுத்துக் காட்டினாள். நடுவில் ஒரு தூண் இருக்கிறது. வாசலிலிருந்து தூண்வரை நீங்கள், தூணிலிருந்து மணவறை வரை நான். தூணில் வைத்துக் கையை மாற்றிக்கொள்ளலாம். நீங்களும் மணவறைப் பக்கம் போகவேண்டி வராது, உங்கள் ஹாஜியாருக்கும் வாய் மூடும்.

அழைப்பிதழில் 'தாய்மாமன்மார்' என்று போட்டு இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். யார் முதலில் என்று நீங்கள் கேட்பீர்கள். வயதைப் பார்த்தால் நீங்கள் மூத்தவர். ஆனால் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி அகர வரிசையில் போடுவதுதான் வம்பில்லாதது. அதில் நான் முன்னால் வருகிறேன், அதற்கு நான் என்ன செய்ய?

வேலாயியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. புருஷன் இல்லாதவள், மணவறைப் பக்கம் வர முறையில்லை. பின்னால் பெண்களோடு இருந்துகொள்வாள். ஒப்பந்தம் முடிவான பிறகு நீங்களே அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நாற்பது வருஷம் கழித்து ஒரு நல்ல காரியத்தை இரண்டு பேரும் சண்டையில்லாமல் முடித்துவிட்டோம் என்று எனக்கே பெருமையாக இருக்கிறது.

கந்தப்பன்


பதுளை
1 ஜூலை 2025

கந்தப்பன் அவர்களுக்கு,

ஒப்பந்தம் கிழிந்தது. நான் பக்குவமாகச் சொல்வதற்குள் உம்மு குல்தூம் முந்திக்கொண்டாள். வேலாயியோடு போனில் பேசும்போது தூண், பாதி வழி, அகர வரிசை எல்லாவற்றையும் சொல்லி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அந்தப் பக்கம் சிரிப்பே வரவில்லையாம்.

மறுநாள் பின்னேரம் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். கடையில் ஆட்கள் இருந்தார்கள். சுபாஜினி அதைப் பார்க்கவில்லை.

"மாமா, தூண் வரைக்கும் நீங்க, அதுக்கப்புறம் இந்தியா மாமாவாம். நான் என்ன, ஒங்க துணி மூட்டையா, கை மாத்தித் தூக்கிட்டுப் போக?" என்றாள்.

"அப்பிடியில்ல மக..." என்று இழுத்தேன்.

"பெரிய ஆளுங்க ரெண்டு பேரு உக்காந்து எங்கம்மா குடும்பத்தப் பங்கு போட்டாங்க, அம்மாவ ஒரு வார்த்தை கேக்கலன்னு எனக்குக் கத கதயாச் சொன்னது யாரு? இந்தக் கதிரையில ஒக்கார வச்சு நீங்கதானே சொன்னீங்க? அப்ப ஒங்க கண்ணெல்லாம் கலங்கும். இப்ப நீங்க ரெண்டு பேரும் என்ன செஞ்சு வச்சிருக்கீங்க? என்னயக் கேட்டீங்களா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

பிறகு அவள் முடிவைச் சொன்னாள். "எங்கம்மா கையப் பிடிச்சுட்டுத்தான் நான் மணவறைக்கு வருவேன்."

இங்கேதான் நான் வாயைக் கொடுத்துக் கெட்டேன். உங்கள் கடிதத்தில் இருந்த நியாயத்தையே எடுத்து விட்டேன். "மக, அம்மா தாலி இல்லாதவ. ஒங்க சனம் ஏதாச்சும் சொல்லும்..." இந்தத் தடவை வேலாயிதான் பேசினாள், சத்தமே இல்லாமல்.

"அன்னிக்குக் காது குத்துறப்ப மடி இல்ல, மடி இல்லன்னு எல்லாரும் தேடுனாங்க நானா. நானும் அதுதான் முறைன்னு ஒங்கள உக்கார வச்சேன். என் மடியும் அங்கதான் இருந்துச்சு."

கந்தப்பன், நான் மூன்று பெண் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவன். கடையில் எத்தனையோ பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு சொல் என் மேல் விழுந்ததில்லை. நீங்களும் நானும் ஒரு கைக்கு இவ்வளவு அடித்துக்கொண்டோமே, அந்தக் கையை இத்தனை காலம் பிடித்திருந்தவளை ஒப்பந்தத்தில் எங்கே வைத்தோம்? பின்னால், பெண்களோடு.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. தாய்மாமன் என்ற வரியே இல்லை. எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. உங்களிடம் சொல்லச் சொல்லி சுபாஜினி சொன்னது: "மாமாவா வந்தா வரச் சொல்லுங்க. சண்டைக்காரரா வந்தா வேணாம்."

ஷுக்ரி


கோத்தகிரி
22 ஜூலை 2025

ஷுக்ரி பாய்க்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட எழுந்தேன். என் சம்சாரம் பிடுங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?" என்றாள். வீட்டிலேயே எதிர்க்கட்சி.

எனக்குக் கோபம் வேலாயி மேல் இல்லை, உங்கள் மேல்தான். இது ஏன் என்று எனக்கே புரியவில்லை. வரி போனது இரண்டு பேருக்கும்தான். ஆனாலும் அவள் அந்தச் சொல்லைச் சொன்னபோது எதிரே இருந்தவர் நீங்கள். என்னிடம் அவள் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. திட்டு வாங்குவதிலும் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

கோச்சியைப் பற்றி உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று எழுதினேன். இப்போது சொல்கிறேன். எங்கள் ஊரில் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். போகிறவர்களும் இருக்கிறவர்களும் பிளாட்பாரத்திலேயே கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். வண்டி நகர்ந்ததும் வேலாயி "அண்ணே, அண்ணே" என்று ஓடி வந்தது எனக்குக் கேட்டது. அப்பா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பியிருந்தால் சட்டையை அவர் கையில் விட்டுவிட்டுக் குதித்திருப்பேன். அதனால் எதிரே இருந்த பலகையையே பார்த்துக்கொண்டு போனேன். இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அவள், "அப்பக் குதிச்சிருக்கலாம்ல?" என்று கேட்பாள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். சேலையையும் கொண்டு வருகிறேன், யார் கட்டினாலும் கட்டாவிட்டாலும். மண்டபத்தில் உங்கள் பக்கத்தில் மட்டும் உட்கார மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

கந்தப்பன்


கோத்தகிரி
16 செப்டம்பர் 2025

அன்புள்ள ஷுக்ரி நானாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். வேலாயி கட்டிக் கொடுத்த தேயிலையை இங்கே எல்லா வீட்டுக்கும் பங்கு வைத்தாயிற்று. தேயிலை ஊருக்கே தேயிலை கொண்டுவந்த மனுஷன் என்று பால்காரன் கேலி செய்கிறான்.

உட்கார மாட்டேன் என்று எழுதிவிட்டு உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்ததை நீங்கள் குத்திக் காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வேறு கதிரை காலியாக இல்லை. அந்த ஒரு கதிரையை நீங்கள்தான் எனக்காகப் பிடித்து வைத்திருந்தீர்கள் என்று றிஸாத் என்னிடம் சொல்லிவிட்டான்.

உங்கள் சேலையில் சுபாஜினி உள்ளே வந்தபோது என் நெஞ்சு எரிந்தது உண்மை. குங்கும நிறம் அவளுக்கு எடுப்பாக இருந்தது என்பதும் உண்மை. அடுத்த நொடி வேலாயி வந்தாள். புருஷன் போன பிறகு வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு கட்டாதவள், என் மயில் கழுத்துப் பட்டைக் கட்டிக்கொண்டு மகள் கையைப் பிடித்து வந்தாள். சுபாஜினிதான் கட்டிவிட்டாளாம். உங்கள் சேலை மகள் மேல், என் சேலை தாய் மேல். இதில் யார் ஜெயித்தது என்று இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னால் யாரோ ஒரு கிழவி முணுமுணுத்தாள். வேலாயி நடையைக் குறைக்கவில்லை. அவர்கள் அந்தத் தூணைத் தாண்டியபோது நான் குனிந்து தரையைப் பார்த்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால் நீங்களும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பட்டத்தையும் அவளே கட்டினாள்.

நாளைக்குச் சுபாஜினிக்கு ஒரு பிள்ளை பிறந்தால் காது குத்துக்கு மடி யாருடையது என்று இப்போதே பேசி வைப்போமா என்று எழுத வந்தேன். வேண்டாம். அவள் சொல்லட்டும்.

ஒன்றைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நான் கிளம்பிய அன்று நீங்களும் வேலாயியும் பதுளை ஸ்டேஷனில் பிளாட்பாரத்தில் நின்றீர்கள். வண்டி நகர்ந்தது. அவள் இந்தத் தடவை ஓடி வரவில்லை, வயதாகிவிட்டது. நான் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே இருந்தேன். வளைவு திரும்புவதற்கு முன்பே வேலாயி உங்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். அண்ணன்காரன் இன்னும் கண்ணுக்கு மறையவில்லை, அதற்குள் உங்களிடம் அப்படி என்ன பேச்சு? கொழும்பு வரை, விமானத்தில், இங்கே வந்த பிறகும் அதுதான் மண்டையைக் குடைகிறது. அவளிடம் கேட்டால், "இதுக்குமா பொறாம?" என்பாள். நீங்கள் எழுதுங்கள்.

கந்தப்பன்


பதுளை
6 அக்டோபர் 2025

அன்புள்ள கந்தப்பன் தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து சில நாளாகிவிட்டது. கல்லாவில் போட்டு வைத்திருந்தேன். பதில் எழுத நேரம் இருந்தது, மனம்தான் வரவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். நீங்கள் வந்து போன பிறகு இங்கே எல்லாம் உங்கள் பேச்சுதான். சுபாஜினி வெலிமடையிலிருந்து கூப்பிட்டாலும், "இந்தியா மாமா போய்ச் சேந்தாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. வேலாயி கடைக்கு வந்தால், அண்ணன் இப்படிச் சாப்பிட்டது, அண்ணன் இப்படிச் சிரித்தது, லயத்து வாசலில் அண்ணன் விழுந்த இடத்தை இன்னும் ஞாபகம் வைத்திருந்தது என்று ஒரே கதை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் ஸ்டேஷனில் அவள் சொன்ன அந்த ஒரு சொல்லையாவது நானே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என்னிடம்தானே சொன்னாள்? பொறாமை உங்கள் வீட்டுச் சொத்து மட்டுமா?

ஆனால் நேற்று அவள் கடைக்கு வந்து, சுபாஜினியின் அந்தக் கதிரையில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்தாள். தெருவைப் பார்த்துக்கொண்டு தனக்குள்ளே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் இது எனக்குச் சொந்தமான சரக்கு இல்லை என்று விளங்கியது. அனுப்பிவிடுகிறேன்.

அவள் சொன்னது இதுதான்.

"பாத்தீங்களா நானா? எங்கண்ணே இன்னும் நம்மளயே பாத்துக்கிட்டுப் போவுது."

ஷுக்ரி